எட்டாம் பக்கம்

போட்டிக்கு ஆறு விதிகள். அவற்றை அப்போதே என் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். அதனால் இன்றும் வரிசை மாறாமல் சொல்ல முடிகிறது. கதையை ஃபுல்ஸ்கேப் தாளின் ஒரு புறத்தில் மட்டுமே எழுத வேண்டும். எட்டுப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. மையால் எழுத வேண்டும். எழுதுபவர் உயர்நிலைப் பள்ளியில் படிப்பவராகவும் பதினேழு வயது நிரம்பாதவராகவும் இருக்க வேண்டும். கதை அவருடைய சொந்தக் கற்பனையாக இருக்க வேண்டும். ஆறாவது விதி மற்ற ஐந்தையும்விட நீளமானது. கடைசிப் பக்கத்தில், கதையின் கடைசி வரிக்கு நேர் கீழே, 'இது இம்மாணவரின் சொந்தப் படைப்பே' என்ற வாசகமும், தலைமை ஆசிரியரின் கையெழுத்தும், பள்ளி முத்திரையும் இருக்க வேண்டும். தனித்தாளில் வரும் சான்று ஏற்கப்படாது.

முதல் தடவை படித்தபோது ஆறாவது விதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கையெழுத்து வாங்கிய பிறகு யாரும் ஒரு வரிகூடச் சேர்க்க முடியாது, எடுக்கவும் முடியாது. யோசித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்கு அப்போது பதினைந்து வயது.

அறிவிப்பை நான் பார்த்தது நைனாவின் கடையில். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். மலையடிவாரத்தில், படி ஏறுகிற இடத்துக்குச் சற்று முன்னால் எங்களுக்குப் பூஜைச் சாமான் கடை இருந்தது. தேங்காய், பழம், கற்பூரம், ஊதுவத்தி. கற்பூரம் மடிக்கப் பழைய பத்திரிகைகளைக் கட்டாக வாங்கிப் போட்டிருப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவற்றை அளவாகக் கிழித்து வைப்பது என் வேலை. சென்னையிலிருந்து வரும் வாரப் பத்திரிகை ஒன்றின் தாளை நான்காகக் கிழிக்கப் போனபோது, 'மாணவ மாணவியருக்குச் சிறுகதைப் போட்டி' என்ற வரி கையில் அகப்பட்டது. பத்திரிகை வெளிவந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடைசி நாளுக்கு இன்னும் இருபத்து மூன்று நாள் பாக்கி.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் ஊர் அப்போது ஆந்திர ராஜ்யத்தில் இருந்தது. நான் ஐந்தாம் பாரம், இன்றைய கணக்கில் பத்தாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் பெண்கள் நாலு பேர். அடுத்த வருடம் பள்ளி இறுதித் தேர்வு முடிந்ததும் என் படிப்பும் முடிந்தது என்று வீட்டில் ஏற்கெனவே பேசி வைத்துவிட்டார்கள். அதில் எனக்குப் பெரிய வருத்தம் இருந்ததாக நாட்குறிப்பில் இல்லை. ஆனால் அறிவிப்பைப் பார்த்த அன்று ஒரு வரி எழுதியிருக்கிறேன்: 'அதற்குள் ஒரு கதை, நான் எழுதியது எழுதியபடி, அச்சில் வர வேண்டும்.' 'எழுதியபடி' என்ற சொல்லுக்குக் கீழே கோடும் போட்டிருக்கிறேன். ஏன் அந்தச் சொல்லுக்குக் கோடு போட்டேன் என்று இப்போது நினைவில்லை. அப்போது அதற்கு எந்த ஆபத்தும் வந்திருக்கவில்லை.

கதை எதைப் பற்றி என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சில வாரங்களுக்கு முன், ஆடிக் கிருத்திகை அன்று, நைனாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு குளக்கரை வழியாகப் போனேன். கரையில் வரிசையாக மொட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைய குறிப்பு இது: 'இருபது இருபத்திரண்டு வயதுப் பெண். மாம்பழ நிறச் சேலை. வலது பக்கம் முழுக்க வழித்தாயிற்று. இடது பக்கத்து முடி ஈரமாக இடுப்புவரை தொங்குகிறது. நாவிதர் பக்கத்தில் இல்லை. அவள் எழுந்தாள். முந்தானையைத் தலையில் போட்டாள். கூட்டத்துக்குள் நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.'

நான் பார்த்தது அவ்வளவுதான். மற்றதை நான் உண்டாக்கினேன். அவளுக்கு ஒரு மாமியாரைக் கொடுத்தேன். அந்த மாமியார், மருமகளைக் கேட்காமல், மருமகளின் முடியை முருகனுக்கு நேர்ந்துகொள்கிறாள். ஊரிலிருந்து வண்டியில் வருகிற வழியெல்லாம் மருமகள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. குளக்கரையில் உட்கார்கிறாள். பாதித் தலை போன பிறகு, இது என் தலை என்று அவளுக்குத் தோன்றுகிறது. எழுந்து போகிறாள். கடைசி வரி நாட்குறிப்பில் இருந்ததுதான்: 'அவள் திரும்பிப் பார்க்கவில்லை.' எட்டாம் பக்கத்தில் பாதியில் கதை முடிந்தது. கீழே கையெழுத்துக்கும் முத்திரைக்கும் இடம் கணக்காக விட்டிருந்தேன்.

எழுத ஆறு நாள் ஆயிற்று. மை வில்லையைக் கரைத்து, தொட்டு எழுதும் பேனாவால், ஒரு அடித்தல்கூட இல்லாமல் எட்டுப் பக்கம். அடித்தல் விழுந்த தாள்களை மறுபடி எழுதினேன். நைனா தாள் கட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு, வருகிறவர்களிடமெல்லாம் சொல்லத் தொடங்கிவிட்டார்.

"எம் பொண்ணு மெட்ராஸ் பத்திரிகைக்குக் கதை எழுதிகினு இருக்குதுங்க."

"இன்னா கதைங்க?"

"அதெல்லாம் பெரிய கதைங்க. எட்டுப் பக்கம்."

அம்மா மட்டும்தான் விஷயத்தைக் கேட்டாள். சொன்னேன்.

"மொட்டை அடிச்சிக்கறதப் பத்தி எழுத இன்னாடி இருக்குது? முடியோட வராங்க, மொட்டையாப் போறாங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

பதினேழு நாள் பாக்கி இருக்கும்போது ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனேன். அவர் நெல்லூர்ப் பக்கத்துக்காரர், மாற்றலாகி வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பெண் பிள்ளைகளைத் தெலுங்கில் 'அம்மாயி' என்றுதான் கூப்பிடுவார். தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். கையெழுத்தை மெச்சினார்.

"எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது அம்மாயி. தமிழ் ஐயா படிச்சி, சரின்னு சொன்னார்னா நான் கையெழுத்து போடறேன். படிக்காம இது உன்னோடதுன்னு நான் எப்படி எழுதறது, நீயே சொல்லு?"

அதில் தப்புச் சொல்ல முடியவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். கொண்டுபோய்த் தமிழ் ஐயாவிடம் கொடுத்தேன். அவர் அதை மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.

அங்கே அது ஒன்பது நாள் இருந்தது. தினமும் முதல் மணி அடிப்பதற்குள் போய் ஆசிரியர் அறை வாசலில் நிற்பேன். தினமும் அவர் "ஆங், பார்க்கறேன், பார்க்கறேன்" என்பார். ஒரு நாள் "நீதானா?" என்றார். இன்னொரு நாள் அவருக்குக் காய்ச்சல். ஒன்பது நாளையும் நாட்குறிப்பில் எண்ணிட்டு எழுதியிருக்கிறேன். ஏழாவது நாள் குறிப்பில் 'இன்றும்' என்ற ஒரே சொல்தான் இருக்கிறது.

பத்தாவது நாள் கூப்பிட்டனுப்பினார். தாள்கள் மேசைமேல் இருந்தன. ஏழு தாள் ஒரு பக்கம், எட்டாவது தாள் தனியாக.

"ஏழு பக்கம் நல்லாத்தான் எழுதியிருக்க. கொஞ்சம் பேச்சு வாடை அடிக்குது, போனாப் போவட்டும். எட்டாம் பக்கத்துல என்ன பண்ணி வெச்சிருக்க?"

"கதை முடியுதுங்கய்யா."

"எங்க முடியுது? பாதித் தலையோட ஒருத்திய நடுவழியில விட்டுட்டு, முடிஞ்சி போச்சுன்னா எப்படி? வேண்டுதல் என்ன ஆச்சு?"

"அவ செய்யலீங்கய்யா."

"செய்யலியா! முருகன் என்ன, பக்கத்து வூட்டுக்காரரா? இன்னிக்கு வேலையா இருக்குது, நாளைக்கு வரேன்னு சொல்லிட்டுப் போறதுக்கு?"

ஆசிரியர் அறையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

"வேண்டிக்கினது அவ இல்லீங்கய்யா, மாமியார்."

"யார் வேண்டிக்கினா என்ன? இந்த மலைக்கு அடியில உக்காந்துகினு, நம்ம பள்ளிக்கூடத்து முத்திரையோட இப்படி ஒரு கதை போச்சுன்னா, மெட்ராஸ்காரன் என்ன நினைப்பான்? உங்க நைனா என்ன வியாபாரம் பண்றாரு? தேங்கா கற்பூரம்தானே? அவரு கேட்டாரா இத?"

நைனா அதுவரை கேட்டிருக்கவில்லை.

"எழுதிக்கோ" என்றார்.

எழுதிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு, மேசையில் விரலால் தட்டிக்கொண்டே சொன்னார். 'அந்தோ! பேதையே, என் செய்தனை என்று அவள் உள்ளம் ஓலமிட்டது. குன்றின் உச்சியில் எழுந்த மணியோசை அவள் செவிகளில் அமுதெனப் பொழிந்தது. கண்ணீர் ஆறாய்ப் பெருக, கருணைக் கடலாம் கந்தவேளின் திருவடிகளை நினைந்து நினைந்து நெக்குருகினாள்.' இப்படிப் பதினான்கு வரிகள். அவள் குளக்கரைக்குத் திரும்பி ஓடி, மீதி முடியையும் கொடுத்து, மாமியாரின் காலில் விழுகிறாள். மாமியார் அவளை வாரி அணைத்துக்கொள்கிறாள். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். அந்தப் பதினான்கு வரியில் என் சொல் என்று காட்டக்கூடியது 'அவள்' ஒன்றுதான்.

நான் சாதுவான பெண் என்று பேர் வாங்கியவள். ஆனாலும் அந்த வாரம் நான் செய்து பார்த்தவை சில உண்டு. கையெழுத்து வாங்கிய பிறகு எட்டாம் தாளை மாற்றிவிடலாமா என்று முதலில் யோசித்தேன். கையெழுத்தே அந்தத் தாளில்தான். நான் மெச்சிய ஆறாவது விதி என் கழுத்தைத்தான் பிடித்தது. பிறகு எழுத்தைச் சிறிதாக்கி, ஐந்தாம் பக்கத்திலிருந்து மறுபடி எழுதி, என் முடிவை ஏழாம் பக்கத்தின் அடிக்குள் கொண்டுவந்துவிட்டேன். எட்டாம் பக்கமே இல்லாமல் ஏழு தாளை எடுத்துக்கொண்டு நேராக ஹெட்மாஸ்டரிடம் போனேன். அவர் எண்ணினார்.

"எட்டுன்னு ஐயா சொன்னாரே. ஏழுதானே இருக்கு?"

"கதை முடிஞ்சிடுச்சுங்க சார்."

"முடிஞ்சது ஐயாவுக்குத் தெரியுமா?"

அவர் கோபிக்கவில்லை. தாள்களை ஓரம் தட்டிச் சமமாக்கித் திருப்பிக் கொடுத்தார். "அவரைக் கேட்டுட்டு வா அம்மாயி" என்றார். நாலு நாள் பாக்கி.

கடைசியில் நான் செய்தது இது. ஏழாம் பக்கத்தை அப்படியே விட்டேன். என் முடிவு அதன் கடைசி வரியில் முடிந்தது. 'அவள் திரும்பிப் பார்க்கவில்லை.' அதற்குக் கீழே தாளில் இடம் கிடையாது. எட்டாம் தாளை எடுத்து, மேலிருந்து 'அந்தோ!' என்று தொடங்கிப் பதினான்கு வரியையும் பிழையில்லாமல் எழுதினேன். ஏழாம் பக்கத்தோடு யாராவது நிறுத்திக்கொண்டால் கதை என்னுடையது. அப்படி நிறுத்திக்கொள்ள ஒருவர் சென்னையில் இருக்கக்கூடும் என்று நம்பினேன். ஐயா எட்டாம் தாளை மட்டும் படித்துப் பார்த்தார், திருப்தியானார். 'இது இம்மாணவியின் சொந்தப் படைப்பே' என்று அவரே தம் கையால் எழுதினார். ஹெட்மாஸ்டர் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டார். முத்திரை கொஞ்சம் சாய்வாக விழுந்தது. அன்றே தபாலாபீஸ் போய் ரிஜிஸ்டர் செய்து ரசீதை நோட்டில் ஒட்டினேன்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. புரட்டாசி போயிற்று, ஐப்பசி போயிற்று. நைனா தபால்காரரைப் பார்க்கும்போதெல்லாம் "நம்ம பொண்ணு கதை வந்துதாங்க?" என்று கேட்பார். கதையை ஏதோ ரயிலில் வருகிற விருந்தாளி போல நினைத்துக்கொண்டிருந்தார்.

கார்த்திகை மாதத்தில் ஒரு மழை நாள். மூன்றாவது பீரியடில் பியூன் வந்து என்னைக் கூப்பிட்டார். ஹெட்மாஸ்டர் அறையில் தமிழ் ஐயாவும் இருந்தார். மேசைமேல் என் எட்டுத் தாள்கள். மேலே பத்திரிகையின் பெயர் அச்சடித்த கடிதத்தாள் ஒன்று. ஐயா அதை ஏற்கெனவே ஹெட்மாஸ்டருக்குப் படித்துக் காட்டியிருக்க வேண்டும். எனக்காக மறுபடியும் படித்தார். கதையின் முதல் ஏழு பக்கங்கள் தங்கள் கவனத்தைக் கவர்ந்தன என்று எழுதியிருந்தார்கள். எட்டாம் பக்கத்தின் நடையும் போக்கும் வேறொருவருடையதாகத் தோன்றுகிறது. கதை முழுவதும் தன் சொந்தப் படைப்பே என்று மாணவி தன் கைப்பட எழுதி, தலைமை ஆசிரியர் ஒப்பமிட்டுப் பதினைந்து நாளுக்குள் இத்தாள்களோடு அனுப்பினால் மட்டுமே பரிசீலிக்க இயலும். 'முழுவதும்' என்ற சொல்லை ஐயா அழுத்திப் படித்தார்.

எனக்கு முதலில் உண்டானது சந்தோஷம். அதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஏழு பக்கத்தை யாரோ படித்திருக்கிறார். ஏழாம் பக்கத்துக்கும் எட்டாம் பக்கத்துக்கும் நடுவில் நான் விட்ட இடைவெளியைக் கண்டுபிடித்திருக்கிறார். அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

"என் கையெழுத்து இருக்கு, முத்திரை இருக்கு. அதுக்கு மேல இன்னொரு காகிதம் கேக்கறாங்க!" என்றார் ஹெட்மாஸ்டர். அவருக்கு உண்மையாகவே மனசு நொந்திருந்தது.

"எட்டாம் பக்கத்துலதான் சார் தமிழே இருக்குது. அதப் போய்ச் சந்தேகப்படறாங்க" என்றார் ஐயா.

வெள்ளைத் தாள் ஒன்றை என் பக்கம் நகர்த்தினார்கள். ஐயா வாசகம் சொன்னார். 'ஐயா, வணக்கம். நான் அனுப்பிய கதை முழுவதும்' என்பதுவரை எழுதினேன். பேனா நின்றது.

"எழுதும்மா."

"முதல் ஏழு பக்கம் என்னுதுன்னு எழுதட்டுங்களா?"

ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். "அப்போ எட்டு?"

ஹெட்மாஸ்டர் மெல்ல ஐயாவின் பக்கம் திரும்பினார். ஐயா கண்ணாடியைக் கழற்றி மேல்துண்டில் துடைத்தார்.

"திருத்தினேன் சார். பிள்ளைங்க எழுதினா திருத்தறதுதானே என் வேலை? கட்டுரை நோட்டுல திருத்தறதில்லியா? அதுக்காக அது என்னோட நோட்டு ஆயிடுமா?"

"அதானே" என்றார் ஹெட்மாஸ்டர், ஒரு வழி கிடைத்த நிம்மதியோடு. "வாத்தியார் திருத்தினா அது பிள்ளையோடதுதான். எழுது அம்மாயி. நல்லதுக்குத்தானே சொல்றோம்?"

அவர்கள் இருவரும் பொல்லாதவர்கள் இல்லை. நான் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் கதை போட்டிக்குள் போகும், யார் கண்டது, அச்சிலும் வரலாம். என் பெயருக்குக் கீழே ஏழு பக்கம், அப்புறம் 'அந்தோ!' உண்மையைச் சொன்னால் ஹெட்மாஸ்டர் ஒப்பமிட்ட சான்று பொய்யாகிவிடும். அதனால் அவர் அந்தக் கடிதத்தில் ஒப்பமிட மாட்டார். ஒப்பமில்லாத கடிதத்தை அவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு வழியையும் இரண்டு மூன்று தடவை மனசுக்குள் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு வழியில் நான் எழுதியபடி வராது. இன்னொரு வழியில் வரவே வராது.

"நான் எழுதலீங்க சார்" என்றேன்.

இதை நேர்மை என்று எண்ணிக்கொள்ள எனக்குப் பல வருடம் ஆசை இருந்தது. அன்றைய குறிப்பு அதற்கு இடம் தரவில்லை. 'அந்தோ என்று என்னால் சொல்லியிருக்கவே முடியாது' என்றுதான் இருக்கிறது.

"இவ்ளோ பிடிவாதம் ஆவாது பொண்ணுக்கு" என்றார் ஐயா. ஹெட்மாஸ்டர் தாமே ஒரு தாளை எடுத்து, தேர்வு நெருங்குவதால் மாணவி போட்டியிலிருந்து விலகிக்கொள்கிறாள் என்று இங்கிலீஷில் நாலு வரி எழுதி முத்திரை வைத்தார். இந்தத் தடவை முத்திரை நேராக விழுந்தது. எட்டுத் தாளையும் என்னிடம் கொடுத்து, வகுப்புக்குப் போகச் சொன்னார். தேர்வுக்கு அப்போது நாலு மாதம் இருந்தது.

பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கடைக்குப் போனேன். மழை விட்டிருந்தது. படியில் ஆள் நடமாட்டம் இல்லை. நைனா ஈரம் பட்ட ஊதுவத்திக் கட்டுகளைப் பிரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா மூஞ்சிய இப்படி வெச்சிகினு வர?"

"கதை திரும்பி வந்துடுச்சு நைனா."

"ஏன், நல்லா இல்லியாமா?"

"நல்லா இருக்குதாம்."

"நல்லா இருந்தா ஏன் திருப்பி அனுப்பறான்? இன்னாதான் எழுதியிருக்க அதுல? படி, கேக்கறேன்."

மூன்று மாதமாக அந்தக் கதையைச் சுற்றி இத்தனை பேச்சு நடந்தும் அவர் அதைக் கேட்டதே இல்லை. எனக்கும் படித்துக் காட்டத் தோன்றியதில்லை. எரிச்சலோடுதான் தொடங்கினேன். முதல் பக்கத்தை ஒப்பிக்கிற மாதிரி படித்தேன். மூன்றாம் பக்கத்தில் அவர் ஊதுவத்தியைக் கீழே வைத்துவிட்டார். மாமியார் வேண்டிக்கொள்ளும் இடத்தில் "அடிப்பாவி" என்றார். ஏழாம் பக்கத்தின் கடைசி வரியோடு நிறுத்தினேன். எட்டாம் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

நைனா தாடையைத் தடவினார். "இது ஆடிக் கிருத்திகை அன்னிக்கு நடந்ததா?"

"ஆங்."

"அந்தப் பொம்பள நம்ம கடைக்கு வந்துச்சேம்மா."

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"முந்தானைய தலையில போட்டுகினு இங்கதான் வந்து நின்னுச்சு. 'இந்த ஊர்ல ஒழுங்கா மொட்டை அடிக்கறவன் ஒருத்தனாவது இருக்கானா'ன்னு கேட்டுச்சு. கோவம்னா அப்படி ஒரு கோவம்."

"எதுக்குக் கோவம்?"

"எதுக்கா? பாதி வழிச்சிட்டு அடுத்த தலைக்குப் போயிட்டான் அவன். கூட்ட நாள்ல அவங்க வேலையே அப்படித்தானே? ஒவ்வொரு தலையிலயும் கொஞ்சம் வழிச்சி விட்டுட்டான்னா அந்த ஆள் வேற எவங்கிட்டயும் போவ முடியாது இல்ல? பத்துத் தலைய அப்படிப் பிடிச்சி வெச்சிகினு ஒண்ணொண்ணா முடிப்பான். அதுபாட்டுக்கு உக்காந்துகினே இருந்திருக்குது வெயில்ல. பொறுத்துப் பார்த்துட்டு எழுந்து வந்துடுச்சு. நீ இந்த ஊர்லதானே பொறந்த? பார்த்ததில்லியா?"

பார்த்திருக்கிறேன். வருடா வருடம் பார்த்திருக்கிறேன். வழித்த பட்டையோடு வரிசையாக உட்கார்ந்து, கத்தி எப்போது தன் தலைக்குத் திரும்பி வரும் என்று காத்திருப்பவர்களைத் தாண்டித்தான் ஒவ்வொரு கிருத்திகைக்கும் சாப்பாடு கொண்டுபோயிருக்கிறேன். 'நாவிதர் பக்கத்தில் இல்லை' என்று என் கையால் எழுதியும் இருக்கிறேன். எங்கே போனார் என்று மட்டும் எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

"மாமியார் வரலியா கூட?"

"மாமியாரா? ஒண்ணும் இல்ல. புருஷன்காரன்தான். கொழந்தைய தோள்ல போட்டுகினு பின்னாலயே ஓடியாந்தான், 'கோவிச்சிக்காத, கோவிச்சிக்காத'ன்னு. கொழந்தைக்கு அடிச்சாச்சு. அது மொட்டைத் தலையோட சிரிச்சிகினு இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, தேரடிகிட்ட ஒருத்தன் உக்காருவான் பாரு, அவங்கிட்ட போவச் சொன்னேன். போயிட்டு முழு மொட்டையா வந்து, சந்தனம் பூசிகினு, தேங்கா வாங்கிகினு மேல போச்சு. பாதித் தலையோட ரயில்ல ஏற முடியுமா, சொல்லு?"

எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. ஐயா சொன்ன முடிவில் அவள் திரும்பப் போய் மீதியைக் கொடுக்கிறாள். நைனா சொன்னதிலும் கொடுக்கிறாள். அதற்காக ஐயா சரி என்று ஆகிவிடுமா? அவள் உள்ளம் ஓலமிடவில்லை. என் கதையில் இருந்த மாதிரி, இது என் தலை என்றும் அவளுக்குத் தோன்றவில்லை. காக்க வைத்தான், கோபம் வந்தது, எழுந்து போனாள். அதை நம்ப எனக்கு விருப்பமில்லை. எழுந்தவள் எழுந்த விதத்தை நான் பார்த்திருக்கிறேன்.

"சேலை என்ன நிறம் நைனா?"

"யார் சேலை?"

"அந்தப் பொம்பள. மாம்பழ நிறமா?"

"அன்னிக்கு ஆயிரம் சேலை பார்த்தேன். எனக்கு எங்க தெரியும்?"

"வழிச்சது வலது பக்கமா, இடது பக்கமா?"

"முந்தானை போட்டுகினு இருந்துச்சின்றேன். தூக்கியா பார்ப்பேன்?"

"அப்ப அது அவதான்னு எப்படிச் சொல்ற?"

"நான் எங்கம்மா சொன்னேன்? நீ எழுதியிருக்கறத கேட்டேன், அந்த மாதிரி இருந்துச்சு, சொன்னேன். அதுக்கு ஏன் என்மேல எரிஞ்சி விழற?"

படி ஏற வந்த ஒருவர் கடை முன்னால் நின்று தேங்காய் கேட்டார். நைனா எழுந்து, ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டினார்.

"ஒரு கிருத்திகைல அந்த மாதிரி எத்தன பேர் பாதியில எழுந்து போவாங்க?" என்று கேட்டேன்.

"அது ஆவும், எப்படியும் ஒரு நாலஞ்சி பேர்" என்றார் நைனா, அந்தத் தேங்காயை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தபடி.